போர்க்கால ஆவணப்படங்களும் அவற்றில் பதிவான பட்டாள வாழ்க்கையும்: நெல்லைப் பார்வையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் பழைய போர்ப்படங்களைத் திரையிடும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். பார்க்க வருபவர்களில் பட்டாளத்தில் இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் மிகுதி. ஆகவே போரின் வரலாற்றைவிட, படத்தில் எதைப் பார்க்கலாம், எதை நம்பலாம் என்பதற்கே இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறோம்.

போர்க்கால ஆவணப்படம் என்பது எது? நியூஸ் ரீலும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. நியூஸ் ரீல் என்பது அந்தந்த வாரத்துச் செய்திகளைச் சில நிமிடங்களில் காட்டிவிட்டுப் போகும் சுருள். ஆவணப்படமோ ஒரு போர் நடவடிக்கையையோ ஒரு படைப்பிரிவையோ எடுத்துக்கொண்டு, பல கேமராக்காரர்கள் பல நாள் பிடித்த சுருள்களிலிருந்து வேண்டியதை வெட்டி ஒட்டி, விளக்கவுரை சேர்த்து, ஒரு கதையைப்போலச் சொல்வது. இரண்டும் அரசின் தணிக்கைக்குத் தப்பியவை அல்ல. மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் வெளியிட்ட ‘பர்மா ராணி’ போன்றவை போரைப் பின்னணியாகக் கொண்ட கதைப்படங்கள் என்பதால் இங்கே அவற்றைச் சேர்க்கவில்லை.

எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம்?

முதல் உலகப்போரின் சோம் போர்க்களத்தைப் பற்றி 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான ‘தி பேட்டில் ஆஃப் தி சோம்’ படத்திலிருந்து தொடங்கலாம். ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டொவெல் என்னும் இருவர் பிடித்த ஊமைப்படம் அது. பிரிட்டனில் முதல் ஆறு வாரங்களிலேயே ஏறக்குறைய 2 கோடி நுழைவுச்சீட்டுகள் விற்றதாகக் கணக்குச் சொல்வார்கள். தங்கள் மகனும் கணவனும் இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்பதை வீட்டிலிருந்தவர்கள் திரையில் கண்டது அப்போதுதான். 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. பின்னால் வந்த போர்ப்படங்களின் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு படத்திலேயே முளைவிட்டிருக்கின்றன.

படத்தில் நாம் காணும் சண்டை உண்மையிலேயே அப்போது நடந்ததா?

எங்கள் திரையிடல்களில் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் இல்லை என்பதே நேர்மையான விடை. மேலே சொன்ன சோம் படத்தில் பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறி மேலே போவதும், ஒருவர் அப்படியே சரிந்து விழுவதும் உலகப் புகழ்பெற்ற காட்சிகள். போர்முனைக்குப் பின்னால் இருந்த ஒரு பயிற்சி இடத்தில் நடிக்கவைத்து எடுத்தவை அவை. காயம்பட்ட தோழனைத் தோளில் சுமந்து குழி வழியே ஒருவர் நடந்துவரும் காட்சியோ உண்மையானது. ஒரே படத்தில் இரண்டும் அடுத்தடுத்து வருவதால்தான் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வட ஆப்பிரிக்காவின் எல் அலமெய்ன் போரைப் பற்றிய ‘டெசர்ட் விக்டரி’ (1943) ஆஸ்கர் பெற்ற படம். 1942 அக்டோபர் 23 இரவில் ஏறக்குறைய 900 பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்கிய காட்சி அதில் மயிர்க்கூச்செறிய வைக்கும். ஆனால் அந்த இருட்டில் நெருக்கத்தில் தெரியும் முகங்களில் சில இங்கிலாந்தின் பைன்வுட் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டவை. இத்தாலியில் 1943 டிசம்பரில் நடந்த சண்டையைப் பற்றி ஜான் ஹூஸ்டன் இயக்கிய ‘சான் பியெத்ரோ’ இன்னும் ஒரு படி மேலே போனது. கேமரா குலுங்குவதையும் குண்டு வெடிக்கும்போது படம் துள்ளுவதையும் பார்த்து, எடுத்தவர் உயிரைப் பணயம் வைத்து ஓடியிருக்கிறார் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி, சண்டை ஓய்ந்தபின் அதே நிலத்தில் சிப்பாய்களைக்கொண்டே மறுபடி நடத்தி எடுக்கப்பட்டது என்பதை ஆய்வாளர்கள் பின்னர் நிறுவினார்கள்.

இதை ஏமாற்று என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவதை நாங்கள் ஏற்பதில்லை. அந்தக் காலத்துக் கைக்கேமராவில் 100 அடி பிலிம்தான் கொள்ளும். அது ஓடித் தீர ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகும். கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுத்துத்தான் அதை ஓட்ட வேண்டும். தாக்குதல்களோ இருட்டிலும் விடியலுக்கு முன்னும் தொடங்குபவை. அந்த பிலிமுக்கு வெயில் வேண்டும். எல்லோரும் தரையோடு தரையாகப் படுத்திருக்கும் நேரத்தில் எழுந்து நின்று படம் பிடிப்பவர் அதிக நேரம் உயிரோடு இருக்கமாட்டார். இந்த நிலையில் உண்மைச் சண்டை கேமராவில் சிக்கினால், தூரத்தில் எழும் புகையும் யாரோ ஒருவருடைய முதுகும் மட்டுமே தெரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சியிலும் கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சிப்பாய்கள் எதிரியை நோக்கி ஓடிவரும்போது அவர்களுடைய முகங்கள் நமக்கு நேராகத் தெரிந்தால், கேமரா எதிரியின் பக்கத்தில் அல்லவா நின்றிருக்க வேண்டும்?

அப்படியென்றால் இந்தப் படங்களில் எதைத்தான் நம்புவது?

சண்டைக்கு முன்னும் பின்னும் உள்ளதை நம்பலாம். சவரம் செய்துகொள்வதையோ, பூட்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்பதையோ, தேநீருக்கு வரிசையில் நிற்பதையோ நடிக்கவைத்து எடுக்க வேண்டும் என்று எந்தப் பிரச்சார அதிகாரிக்கும் தோன்றவில்லை. கேமராவைக் கண்டதும் சிரிப்பார்கள், தொப்பியைச் சரிசெய்வார்கள், அவ்வளவுதான் நடிப்பு. பட்டாள வாழ்க்கையின் பத்தில் ஒன்பது பங்கு காத்திருப்பதும் சுமப்பதும் தோண்டுவதும்தான். ஓய்வு பெற்று நம் ஊர்களுக்குத் திரும்பியவர்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அந்தப் பத்தில் ஒன்பது பங்கு, இயக்குநர்கள் இடைவெளி நிரப்பவென்று வைத்த காட்சிகளில் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது.

பர்மா முனையில் எடுத்த காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பதினான்காம் படையின் தளபதி வில்லியம் ஸ்லிம் எழுதிவைத்த கணக்கின்படி, 1943இல் காயம்பட்டுப் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியா, வயிற்றுக்கடுப்பு, உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றோடுதான் அந்தப் படை முதலில் போரிட்டது. பொழுது சாய்ந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும் என்பதும், தோலே மஞ்சளாகிப்போகும் மெபாக்ரின் என்ற மலேரியாத் தடுப்பு மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும் என்பதும் கட்டளையாயின. மாத்திரை விழுங்குவதைச் சரிபார்க்காத அதிகாரிகள் பதவி இழந்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அந்தி வெளிச்சத்தில் முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு சாதாரணக் காட்சியும் பேசத் தொடங்கும்.

சமையலைக் கவனியுங்கள். இந்தியப் படையில் சமையற்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். கோதுமை மாவும் பருப்பும் வடக்கத்திச் சிப்பாய்க்கு. சோற்றுக்கு ஏங்கிய தெற்கத்திக்காரர்களுக்கு அரிசி. ஒரே முகாமில் அடுப்புகள் தனித்தனியாக எரியும். கோவேறு கழுதைகளையும் கவனியுங்கள். பர்மாவின் காட்டிலும் இத்தாலியின் மலையிலும் வண்டி ஏறாத இடத்துக்குத் துப்பாக்கிக் குண்டும் தண்ணீரும் கொண்டுபோனது அவைதான். பின்னணியில் அவற்றின் கயிற்றைப் பிடித்து நடப்பவர்களின் பெயரை எந்த விளக்கவுரையும் சொல்வதில்லை.

சோம் படத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, தாக்குதலுக்கு முந்தைய மாலையில் சிப்பாய்கள் சூடான உணவு உண்ணும் காட்சி. வெடிக்கும் எந்தக் காட்சியைவிடவும் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுகிறோம் என்று சில பார்வையாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு.

வெடிச்சத்தமும் பேச்சும் அங்கேயே பதிவானவையா?

இல்லை. கைக்கேமரா ஒலியைப் பதிவு செய்யாது. இரண்டாம் உலகப்போர்ப் படங்களின் ஓசைகள் பின்னர் சேர்க்கப்பட்டவை. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைப் பற்றிய ‘மெம்ஃபிஸ் பெல்’ (1944) படத்தில் விமானத்துக்குள் வீரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதுகூட அவர்கள் ஊர் திரும்பியபின் ஹாலிவுட்டில் பேசவைத்துப் பதிந்ததுதான்.

முதல் உலகப்போர்க் காட்சிகளில் எல்லோரும் ஏன் தத்தித் தத்தி ஓடுகிறார்கள்? வண்ணப்படங்கள் கணினியில் சாயம் ஏற்றியவையா?

அந்தக் கேமராக்களைக் கையால் சுழற்றினார்கள். விநாடிக்கு 16 படங்கள் என்ற அளவில் எடுத்ததை 24 படங்கள் என்ற வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் பொம்மைகளைப்போல்தான் நடப்பார்கள். பீட்டர் ஜாக்சன் 2018இல் வெளியிட்ட ‘தே ஷால் நாட் குரோ ஓல்ட்’ படத்தில், லண்டன் போர் அருங்காட்சியகத்தின் சுருள்களைக் கணினியால் வேகம் சீராக்கி, வண்ணம் ஏற்றி, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களின் துணையோடு பேச்சும் சேர்த்தார்கள். அது அழகாக இருக்கிறது. ஆனால் அந்த வண்ணம் சாட்சியம் அல்ல என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் போரின் வண்ணப்படங்கள் எல்லாம் அப்படியல்ல. கோடாக்ரோம் பிலிம் 1935இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஜான் ஃபோர்டின் ‘தி பேட்டில் ஆஃப் மிட்வே’ (1942), மேலே சொன்ன மெம்ஃபிஸ் பெல் இரண்டும் 16 மி.மீ. கோடாக்ரோமில் பிடித்த உண்மை வண்ணங்கள்.

நம் ஊர்க்காரர்கள் இந்தப் படங்களில் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், ஆனால் படம் அவர்களைப் பார்ப்பதில்லை. இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படை 25 லட்சம் பேராக வளர்ந்தபோது சென்னை மாகாணத்திலிருந்து பெருந்தொகையினர் சேர்ந்தார்கள். 1920களில் கலைக்கப்பட்ட மெட்ராஸ் ரெஜிமெண்ட் 1941இல் மீண்டும் உருவாக்கப்பட்டது. ஆனாலும் சில சாதிகளும் சில மாகாணங்களும் மட்டுமே போருக்குப் பிறந்தவை என்ற பழைய எண்ணம் ஆட்சியாளர்களை விட்டுப் போகவில்லை. தலைப்பாகையும் தாடியும் கேமராவுக்கு எடுப்பாகவும் இருந்தன. தமிழர்களில் பலர் சாப்பர் என்னும் பொறியாளர் படையிலும், வாகன ஓட்டிகளாகவும், சிக்னல் பிரிவிலும், மருத்துவப் பணியிலும் இருந்தார்கள். இவர்கள் செய்த வேலையின் மேல்தான் படத்தின் நாயகர்கள் நடந்து போகிறார்கள்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்களுக்குப் படை முழுவதும் ‘தம்பி’ என்றே பெயர். சான் பியெத்ரோ படத்தில் நிலமெங்கும் கண்ணிவெடி புதைந்திருப்பதைச் சொல்கிறார்களே, அந்தக் கிராமம் மின்யானோ என்னும் கணவாயின் ஓரத்தில் இருக்கிறது. அந்தச் சண்டை முடிந்து இரண்டு மாதங்களில், 1944 பிப்ரவரி 24 அன்று, அதே மின்யானோவில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த மெட்ராஸ் சாப்பர் சுபேதார் சுப்ரமணியன், மிதிபட்ட வெடி ஒன்றின்மேல் தாமே விழுந்து மறைத்து, உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார். காஞ்சிபுரம் பக்கத்து மனிதர். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஹூஸ்டனின் படக்குழு அமெரிக்கப் படையோடு இருந்ததால் இவர்கள் அதில் வரவில்லை.

ஆகவே எங்கள் யோசனை இது: போர்ப்படம் பார்க்கும்போது பாலம், சாலை, தந்திக்கம்பி, கண்ணிவெடி அகற்றிய பாதையைக் குறிக்கும் வெள்ளை நாடா ஆகியவை வரும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். பர்மாவில் கலேவா அருகே சிந்துவின் ஆற்றின்மேல் 1944 டிசம்பரில் 1,154 அடி நீளத்துக்கு, இரும்புப் பகுதிகளைப் பொருத்திக் கட்டும் பெய்லி பாலம் ஒன்று மிதக்கவிடப்பட்டது. அந்த அளவுக்கு நீளமான பெய்லி பாலம் அதுவரை எங்கும் கட்டப்பட்டதில்லை. அப்படிப்பட்ட பாலத்தில் டாங்கிகள் ஏறும் காட்சி வந்தால், டாங்கியை விட்டுவிட்டுக் கரையோரம் கயிறு பிடித்து நிற்பவர்களைப் பாருங்கள்.

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வைப் பற்றிய படங்கள் உண்டா?

உண்டு. அவை ஜப்பானியச் செய்திப்படப் பிரிவினர் எடுத்தவை. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி படையணிகளைப் பார்வையிட்டதும், நவம்பரில் டோக்கியோ மாநாட்டில் அவர் இருந்ததும் சுருளில் உள்ளன. அந்தப் படையிலும், கேப்டன் லட்சுமி தலைமையேற்ற ஜான்சி ராணி படையிலும் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். அவர்களில் பலருடைய பூர்வீகம் நம் தென் மாவட்டங்கள்தான். இம்பால் முனையில் இரண்டு பக்கமும் தமிழர்கள் நின்றார்கள் என்பதால், பிரிட்டிஷ் படத்தையும் ஜப்பானியச் சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே நாங்கள் திரையிடுகிறோம். அணிவகுப்புக் காட்சிகள் எந்த நாட்டினுடையதாயினும் பிரச்சாரத்துக்கென எடுத்தவையே. அணி கலைந்தபின் கேமரா தற்செயலாக ஓடிய சில நொடிகள்தான் நமக்கு வேண்டியவை.

போர்க்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் இவற்றைப் பார்த்தார்களா?

பார்க்காமல் இருக்க முடியாது என்று சட்டமே இருந்தது. 1943இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், ஒவ்வொரு காட்சியிலும் அரசு ஒப்புதல் பெற்ற படச்சுருளை 2,000 அடி வரை காட்டியே ஆக வேண்டும் என்று திரையரங்குகளுக்கு உத்தரவு வந்தது. 2,000 அடி என்பது ஏறக்குறைய 22 நிமிடம். ‘இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா’ என்ற அரசு அமைப்பு தயாரித்த படங்களுக்கும் ‘இந்தியன் நியூஸ் பரேட்’ செய்திப்படத்துக்கும் தமிழ் வடிவம் இருந்தது. கச்சா பிலிம் முழுவதும் வெளிநாட்டிலிருந்து வந்ததால் கதைப்படங்களின் நீளத்தைப் போர்க்காலத்தில் 11,000 அடிக்குள் சுருக்கினார்கள். பாட்டைக் குறைத்துப் போரைக் கூட்டினால் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதே சீமையில்தான் 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் ஆங்கிலேய அதிகாரி லோன் கொல்லப்பட்டார். ஒரே தெருவில் ஒரு வீட்டில் பட்டாளத்து மணியார்டரும் மறுவீட்டில் போலீஸ் தேடுதலும் இருந்த காலம் அது. அரசின் படத்தை எல்லோரும் ஒரே மனதோடு பார்த்திருக்க வழியில்லை. இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் அமைப்பு 1946இல் மூடப்பட்டது. 1948இல் அரசின் ஆவணப்பட அமைப்பான பிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியபோது கட்டாயத் திரையிடலும் தொடர்ந்தது. படம் போடுமுன் நியூஸ் ரீல் ஓடிமுடியட்டும் என்று வெளியே முறுக்குத் தின்றுகொண்டிருந்த தலைமுறைக்கு இது தெரியும்.

இவற்றைப் படம் பிடித்தவர்கள் யார்?

பெரும்பாலும் சீருடை அணிந்த சிப்பாய்களே. பிரிட்டிஷ் ராணுவத்தின் படப்பிரிவில் பல சார்ஜெண்டுகள் பைன்வுட்டில் சில வாரப் பயிற்சி பெற்றுப் போர்முனைக்குப் போனார்கள். ஆஸ்திரேலியரான டேமியன் பேரர் நியூகினிக் காடுகளில் எடுத்த காட்சிகள் ‘கொக்கோடா ஃபிரண்ட் லைன்’ என்ற படமாகி, அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கரைத் தேடித்தந்தன. அவர் 1944 செப்டம்பரில் பெலெலியூ தீவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டு இறந்தார். மெம்ஃபிஸ் பெல் படத்தின் கேமராக்காரர்களில் ஒருவரான ஹெரால்ட் டானன்பாமும் விமானம் வீழ்த்தப்பட்டு மாண்டார்.

அரசே எடுத்து அரசே மறைத்த படம் உண்டா?

உண்டு. ஹூஸ்டன் 1946இல் முடித்த ‘லெட் தேர் பி லைட்’ அப்படிப்பட்டது. போரால் மனம் சிதைந்து, பேச்சு வராமலும் கைகால் அசையாமலும் நியூயார்க் அருகே ஒரு ராணுவ மருத்துவமனைக்கு வந்த சிப்பாய்களைப் பற்றிய படம். அமெரிக்க ராணுவம் அதைப் பொதுத்திரையிடலுக்கு விடவில்லை. 1980களின் தொடக்கத்தில்தான் மக்கள் பார்த்தார்கள். இங்கே சொன்ன படங்களில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் நாங்கள் இதையே சொல்வோம். ‘பட்டாளத்திலிருந்து வந்தபின் அவர் யாரோடும் பேசமாட்டார்’ என்று வீட்டில் ஒரு பெரியவரைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

பன்னிரண்டு வயதுக்குமேல், பெரியவர்கள் உடனிருந்து காட்டலாம். அமெரிக்க மரைன் படையின் தராவா தீவுச் சண்டைப் படத்தில் (1944) பிணங்கள் அப்படியே வருகின்றன, அது வேண்டாம்.

இவற்றை எங்கே பார்க்கலாம்?

அமெரிக்க அரசு எடுத்த படங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமை கிடையாது என்பதால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. லண்டன் போர் அருங்காட்சியகம் தன் சேமிப்பில் ஒரு பகுதியை இணையத்தில் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் பாத்தே நிறுவனம் 2014இல் 85,000 செய்திப்படங்களை யூடியூபில் ஏற்றியது. இந்தியாவின் பிலிம்ஸ் டிவிஷன், புனே தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் இரண்டும் இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்.எஃப்.டி.சி.யின்கீழ் உள்ளன.

எங்கள் தாத்தா இருந்த படைப்பிரிவைப் படத்தில் எப்படித் தேடுவது?

முதலில் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால் பிரிவின் பெயரும் எண்ணும் அதில் இருக்கும். புத்தகம் இல்லாவிட்டால் பதக்கத்தைப் பாருங்கள். ஆறு முனை கொண்ட வெண்கல நட்சத்திரத்தின் நடுவில் பர்மா, ஆப்பிரிக்கா, இத்தாலி என்று எந்த முனையின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறதோ, அந்த முனைப் படங்களிலிருந்து தேடலைத் தொடங்கலாம். உள்ளங்கை அளவில் புகைப்படத்தாளில் அச்சான கடிதம் கிடைத்தால் அது ஏர்கிராஃப்: 1941 முதல் கடிதங்களை நுண்படமாக்கி விமானத்தில் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் பெரிதாக்கி அச்சிட்டுத் தந்தார்கள்.

போரில் இறந்தவராயின் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் கிடைக்கலாம். அதில் ஊரை இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடாமல், ஆங்கிலேயர் எழுதிய ‘டின்னவேலி’, ‘டூட்டிகோரின்’ என்ற வடிவங்களில் தேட வேண்டும். தூத்துக்குடி, தென்காசி மாவட்டத்தவரில் பெரும்பாலோர் அன்றைய திருநெல்வேலி ஜில்லாக் கணக்கிலேயே இருப்பார்கள். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரில் இருந்ததால் அந்தப் பக்கத்தவரைத் திருவிதாங்கூர் என்றும், 1910இல் ராமநாதபுரம் ஜில்லாவுக்குப் போன சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தவரை ராம்நாடு என்றும் தேடிப்பாருங்கள். தகப்பனார் பெயரையும் ஊர்ப்பெயரையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் ஒரே பெயருள்ள பலரைப் பிரித்தறிய முடியும்.

வீட்டில் பழைய பிலிம் சுருள் இருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா?

ஓட்டாதீர்கள். 1950களின் தொடக்கம் வரை வந்த 35 மி.மீ. சுருள்களில் பெரும்பாலானவை நைட்ரேட் வகை. தீப்பற்றினால் தண்ணீரிலும் அணையாது. பசைபோல் ஒட்டிக்கொண்டோ பழுப்புத் தூளாக உதிர்ந்தோ இருந்தால் அதன் பக்கத்தில் விளக்கு ஏற்ற வேண்டாம். நைட்ரேட் அல்லாத சுருளில் புளித்த காடி வாடை அடித்தால் அதுவும் அழியத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரண்டையும் காற்றோட்டமுள்ள, வெயில் படாத இடத்தில் தனியாக வைத்துவிட்டுப் புனே ஆவணக்காப்பகத்துக்கு எழுதுங்கள்.

இன்றைய பட்டாள வாழ்க்கையை நாங்களே படம் எடுக்கலாமா?

முகாம்களுக்குள் அனுமதியின்றி எடுக்க முடியாது. விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளத்தை வேலிக்கு வெளியிலிருந்து எடுப்பதும் குற்றமே. ஓய்வுபெற்றவர்களை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லி எடுக்கத் தடையில்லை. எடுக்கும்போது எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், சோறு யார் பொங்கினார்கள், முதல் லீவில் எந்த ரயிலில் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள்.